மனச்சிதைவு நோய்க்கென்று ஒரு குணம் உண்டா?

ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், உள்ளவர்களுக்கு என்னென்ன குணங்கள் இருக்கும் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். கீழே தம்பியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால், கேட்க வந்தது வேறு என்று படுகிறது. தம்பிக்கு 25 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மனச்சிதைவு நோய் என்று சொல்லி மருந்து ஆரம்பித்தார்கள். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, பக்கத்து வீட்டார் மேல் இருந்த சந்தேகமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. குளிக்கச் சொன்னால் எரிந்து விழுகிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் ஒதுங்கித்தான் இருப்பான். இது நோயா, இல்லை அவன் குணமே இதுதானா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மனநல மருத்துவர். இந்த நோய் உள்ளவர்களையும் அவர்கள் வீட்டாரையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இந்த நோய்க்கென்று தனியாக ஒரு குணம் கிடையாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். வாயாடிகள், சங்கோஜிகள், கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்கள், கையில் இருப்பதை யாராவது கேட்டால் அப்படியே கொடுத்துவிடுகிறவர்கள் என்று எல்லாரும் என்னிடம் வருகிறார்கள். ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பது என்று சினிமா சொல்லிக் கொடுத்ததற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு கோளாறு.

ஆனால் சராசரி என்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆளுமையை அளக்க உளவியலில் அதிகம் பயன்படுவது ஐந்து பண்புகள் கொண்ட அளவுகோல். எளிதில் கலங்கும் தன்மை, வெளியில் பழகும் தன்மை, புதியதை ஏற்கும் மனம், பிறரோடு இணங்கிப் போவது, பொறுப்பாக ஒழுங்காக நடப்பது என்று அந்த ஐந்தைச் சொல்லலாம். மனச்சிதைவு உள்ளவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முதல் பண்பு சராசரியாகக் கூடுதலாகவும் மற்ற நாலும் சராசரியாகக் குறைவாகவும் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டுதான் சிலர் 'ஸ்கிசோஃப்ரினியா ஆளுமை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த அளவீடுகளில் பெரும்பாலானவை நோய் வந்த பிறகு எடுக்கப்பட்டவை. தெருவில் போகிற எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று நினைக்கும் ஒருவரிடம் கேள்வித்தாளை நீட்டி, 'கூட்டமான இடங்களுக்குப் போக உங்களுக்குப் பிடிக்குமா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? 'பிடிக்காது' என்றுதான் டிக் அடிப்பார். தாளைத் திருத்துகிறவர் அதை 'வெளியில் பழகாத குணம்' என்று கணக்கில் சேர்த்துவிடுவார். அங்கே அளக்கப்பட்டது குணமா, பயமா?

நோய் வருவதற்கு முன்பே அளந்தவர்களும் இருக்கிறார்கள், உங்கள் 'சின்ன வயதிலிருந்தே' என்ற வார்த்தைக்கு அது முக்கியம். பிரிட்டனில் 1946ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த சில ஆயிரம் குழந்தைகளை வளர வளரத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் பின்னாளில் மனச்சிதைவு வந்தவர்கள், சிறு வயதில் சற்றே தாமதமாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள், தனியாக விளையாடுவதை அதிகம் விரும்பியிருந்தார்கள். ஸ்வீடனில் 1969, 70ஆம் ஆண்டுகளில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 50,000 இளைஞர்களிடம் நிறையக் கேள்விகள் கேட்டு வைத்திருந்தார்கள். நெருங்கிய நண்பர்கள் குறைவு, சின்னக் கூட்டம்தான் பிடிக்கும், மற்றவர்களைவிடத் தனக்கு மனம் சீக்கிரம் புண்படும் என்கிற மாதிரியான பதில்களைச் சொன்னவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதலாக இருந்தது. இதோடு நிறுத்திவிட்டால் பயமாக இருக்கும். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அந்தப் பதில்கள் எல்லாவற்றையும் சொன்னவர்களிலும் நோய் வந்தது 100க்கு 3 பேருக்குத்தான். மீதி 97 பேர் கூச்ச சுபாவத்தோடு வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்திருப்பார்கள். ஆகவே உங்கள் தம்பி சிறுவனாக ஒதுங்கி இருந்தது பிற்பாடு வந்த நோயின் முன்னறிகுறியாக இருந்திருக்கலாம், வெறும் சுபாவமாகவும் இருந்திருக்கலாம். இப்போது திரும்பிப் பார்த்து எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கே கவனித்திருக்க வேண்டுமோ என்ற குற்ற உணர்ச்சி வீட்டில் யாருக்காவது இருந்தால் அதற்கு இடமே இல்லை.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருவோம். இந்த நோய் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இல்லாத குரல் கேட்பதும் இல்லாததை நம்புவதும்தான். அவை புதிதாக வந்து சேர்கிறவை. இருந்தது குறைந்து போவது என்று இன்னொரு பக்கம் உண்டு, டாக்டர்கள் அதை நெகட்டிவ் அறிகுறிகள் என்பார்கள். பேச்சு சுருங்கும். முகபாவம் மங்கும். ஒன்றைத் தொடங்கும் உந்துதல் போய்விடும். மனிதர்களைத் தேடிப் போகத் தோன்றாது. இனிமேல் வரப்போகும் சந்தோஷத்தை நினைத்து மனம் துள்ளுவது நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் 'குணம் மாறிப்போச்சு' என்று சொல்லும்போது, பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான் சொல்கிறார்கள். குரல் கேட்பதை நோய் என்று ஒத்துக்கொள்வது சுலபம். சும்மா படுத்துக் கிடப்பதை நோய் என்று ஒத்துக்கொள்வது கஷ்டம், ஏனென்றால் நாமே சில நாள் அப்படிக் கிடந்திருக்கிறோம்.

அந்த முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990களில் ஆன் கிரிங், ஜான் நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சிரிப்பும் சோகமும் பயமும் வரவழைக்கும் படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் முகத்தில் மற்றவர்களைவிட மிகக் குறைவாகத்தான் எதுவும் தெரிந்தது. ஆனால் உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் சொன்ன அளவுக்கே சொன்னார்கள். உள்ளங்கைத் தோலில் மின்கடத்தலை அளந்தால் உடம்பு இன்னும் அதிகமாகவே எதிர்வினை காட்டியது. உங்கள் அம்மாவின் ஆபரேஷன் நாளில் தம்பிக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. முகத்தை வைத்து 'கல் நெஞ்சு' என்று முடிவு கட்ட முடியாது என்பது மட்டும் தெரியும். இப்படி உட்கார்ந்திருந்த ஒருவரிடம் சில வாரம் கழித்துக் கேட்டபோது, அன்றைக்கு டாக்டர் எத்தனை மணிக்கு வெளியே வந்தார், என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், அப்பா எந்த நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

குளிப்பதும் இப்படித்தான். நமக்குக் குளிப்பது ஒரு வேலை. உங்கள் தம்பிக்கு அது எழுந்திருப்பது, துண்டைத் தேடுவது, மாற்றுத் துணி எடுப்பது, தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது, சோப்பு, துவட்டுவது, அழுக்குத் துணியை எங்கே போடுவது என்று பத்து வேலை. ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒரு தடவை மனசைக் கிளப்ப வேண்டும். வேலைகளை வரிசைப்படுத்தி மனசில் வைத்துக்கொள்ளும் திறனும் இந்த நோயில் பலருக்குக் குறைகிறது. 'போய்க் குளி' என்று பத்துத் தடவை சொல்வதைவிட, துண்டையும் துணியையும் எடுத்துக் கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் கூடவே எழுந்து போனால் வேலை நடக்கும். இன்னொன்று: இவர்களில் பலருக்கு, ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் அவ்வளவாகக் குறைவதில்லை. அது கிடைக்கும் என்று முன்கூட்டி நினைத்துப் பார்த்து ஆசைப்படுவதுதான் அடிபடுகிறது. அதனால்தான் 'செஸ் ஆடலாமா?' என்று கேட்டால் வேண்டாம் என்பவர், பலகையை எதிரில் வைத்துக் காயை நகர்த்தினால் ஒரு மணி நேரம் ஆடுவார். மறுநாள் கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்பார். இது பிடிவாதமும் இல்லை, வேண்டுமென்றே செய்வதும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நான் மேலே நோய் என்று சொன்னவற்றில் சில மருந்தின் வேலையாக இருக்கலாம். இந்த மருந்துகள் பெரும்பாலும் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுத்துத்தான் நோயை அடக்குகின்றன. அதே தடுப்பு சிலருக்குப் பார்க்கின்சன் நோய் போன்ற நிலையைக் கொண்டுவரும்: முகம் முகமூடி மாதிரி இறுகும், நடை சின்னதாகும், நடக்கும்போது கை வீசாது. சிலருக்குத் தூக்கம் அமுக்கும். வேறு சிலருக்கு அகதீசியா என்ற உள்ளமைதியின்மை வரும். உட்கார முடியாது, நிற்க முடியாது, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள், யார் எதைச் சொன்னாலும் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். வீட்டில் அதற்கு 'முன்கோபி ஆகிவிட்டான்' என்று பெயர். மருந்து தொடங்கி அல்லது அளவைக் கூட்டிச் சில நாட்களிலோ வாரங்களிலோ இந்த மாற்றம் வந்ததென்றால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்புவதற்கு முதல் காரணமே அதுதான். இது போதாதென்று, மனச்சோர்வு வேறு கூடவே வரலாம். மனச்சோர்வில் பேசாமல் இருப்பவரையும், நெகட்டிவ் அறிகுறியால் பேசாமல் இருப்பவரையும், மருந்து மயக்கத்தில் பேசாமல் இருப்பவரையும் ஒரே தடவை பார்த்துப் பிரிக்க எங்களுக்கே சிரமம். எப்போது தொடங்கியது என்று வீட்டார் சொல்வதுதான் அங்கே பெரிய உதவி.

சந்தேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. சந்தேகப் பிராணியாகப் பிறந்தவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று ஒன்றும் இல்லை. இந்த நோயில் கொஞ்சம் ஆதாரத்திலேயே முடிவுக்குத் தாவிவிடும் போக்கு பலருக்கு உண்டு. இரண்டு நிற மணிகள் வெவ்வேறு விகிதத்தில் கலந்த இரண்டு ஜாடிகளில் ஒன்றிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டி, இது எந்த ஜாடி என்று கேட்கும் ஒரு சோதனை இருக்கிறது. பொய்யான நம்பிக்கைகள் உள்ளவர்கள் பலர் ஒன்றிரண்டு மணியிலேயே சொல்லிவிடுகிறார்கள், மற்றவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். 'எனக்கு ஒரு நோயும் இல்லை' என்று சாதிப்பதும் இதைப் போலத்தான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன் நிலை தனக்கே தெரியாமல் போவது இந்த நோயில் மிகவும் சகஜம். வாதம் செய்து ஒப்புக்கொள்ள வைத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. முரட்டுத்தனம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் படிக்கிறவர்களுக்காக: இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து ஓரளவு கூடுதல்தான், அதிலும் பெரும் பங்கு மது, போதை சேரும்போது வருவது. இவர்கள் அடி வாங்குவதுதான் அதிகம்.

நோயா குணமா என்ற கேள்வி வெறும் தெரிந்துகொள்ளும் ஆசைக்கான கேள்வி இல்லை, அதற்கு வீட்டில் விளைவு உண்டு. 1950களிலிருந்து லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மறுபடி முற்றுகிறது என்று பார்த்தார்கள். குற்றம் சொல்வதும் வெறுப்பும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் அதிகமாக இருந்த வீடுகளில் அது அதிகம் நடந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட வீடுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் மற்ற வீடுகளில் ஐந்தில் ஒருவருக்கும் நோய் திரும்பியிருந்தது. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. அதிகம் குற்றம் சொன்னவர்கள் பெரும்பாலும் குரலையும் பொய்யான நம்பிக்கையையும் குற்றம் சொல்லவில்லை. சும்மா கிடப்பதையும் பேசாததையும்தான் குற்றம் சொன்னார்கள். நினைத்தால் மாற்றிக்கொள்ள முடியும், மாட்டேன் என்கிறான் என்று அவர்கள் நம்பினார்கள். அதாவது, நோயைக் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் நாங்கள்தான் காரணமா என்று கலங்க வேண்டாம். 1940களில் அம்மாவின் வளர்ப்புதான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று ஒரு கருத்து கிளம்பி, எத்தனையோ தாய்மார்களை அழ வைத்தது. அது தப்பு என்று எப்போதோ கைவிடப்பட்டது. இந்த நோயில் மரபணுவின் பங்கு பெரிது, ஆனால் அதுவும் முழுக் காரணம் இல்லை. உருவத்தில் ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதி தடவை, அல்லது அதற்கும் குறைவாகத்தான். வீட்டுச் சூழல் நோயை உண்டாக்குவதில்லை. வந்த நோய் எப்படிப் போகிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு. குடும்பத்தாருக்கு நோயைப் புரியவைத்து, பேசும் விதத்தையும் பிரச்சினையைத் தீர்க்கும் விதத்தையும் பழக்கினால் நோய் திரும்புவது குறைகிறது என்பது நன்றாக நிரூபணமான விஷயம். உங்கள் மருத்துவர் இருக்கும் இடத்தில் அப்படி ஏதாவது நடத்துகிறார்களா என்று கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு, படித்த வீடுகளில் அதை அதிகம் பார்க்கிறேன். எல்லாமே நோய் என்று எடுத்துக்கொள்வது. தம்பி கோபப்பட்டால் உடனே 'மாத்திரை போட்டியா?' என்று ஒரு கேள்வி. கேட்காமல் அவர் போனை எடுத்துப் பார்த்திருப்பார்கள், 25 வயது ஆளின் போனை யார் எடுத்தாலும் கோபம் வரத்தான் செய்யும். அதை நோய்க்கணக்கில் எழுதினால், அவருக்கு நியாயமாகக் கோபப்படக்கூட உரிமை இல்லை என்று ஆகிவிடும். உங்கள் தம்பிக்குப் பிடிக்காத உறவுக்காரர் இருக்கலாம், கல்யாண வீட்டுக் கூட்டம் நோய்க்கு முன்னாலேயே பிடிக்காமல் இருந்திருக்கலாம். அதெல்லாம் அவர். ஒன்று நோயா குணமா என்று எனக்கே குழப்பமாக இருந்தால் நான் சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவேன். 'முன்னாலயும் இப்படித்தானா, இல்லை இப்பத்தானா?' நோய் இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட இந்தக் கேள்விக்கு ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

பழைய குணம் திரும்புமா என்றும் நடுவில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே எதற்கு எதை ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். இந்த நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில், பெண்களுக்கு இன்னும் சில வருடம் தள்ளி வருகிறது. அது யாருக்கும் குணம் முழுதாக உருவாகி முடிந்த வயது இல்லை. நோய் இல்லாத நீங்களே உங்கள் 18 வயதுக் குணத்தோடு இப்போது இருக்கிறீர்களா? தம்பியைப் பற்றி வீட்டார் மனசில் இருப்பது பள்ளிக்கூடப் பையன். அந்தப் பையன் இனி யாருக்குமே திரும்பப் போவதில்லை. எந்த வருடங்களில் ஒருவர் வேலை, நட்பு, காதல், சண்டை என்று அடிபட்டுத் தன்னை உருவாக்கிக்கொள்கிறாரோ அந்த வருடங்களைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்கிறது. வந்த பிறகு நண்பர்களும் விலகிவிடுகிறார்கள். ஆகவே அவர் பழகாமல் இருப்பதில் கொஞ்சம், பழக வாய்ப்பே கிடைக்காததால் வந்தது.

நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தவர்களின் அனுபவம் நம்பிக்கை தருவதுதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஆஸ்பத்திரியில் பல வருடம் இருந்துவிட்டு மறுவாழ்வுத் திட்டத்தின் வழியாக வெளியே வந்தவர்களை முப்பது வருடத்துக்கும் மேல் கழித்துத் தேடிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆனால் எல்லாரும் இல்லை. இன்றைய மருந்துகள் குரலையும் சந்தேகத்தையும் அடக்கும் அளவுக்கு நெகட்டிவ் அறிகுறிகளைப் போக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே உதவுவது பழகும் திறனுக்கான பயிற்சி, ஞாபகம், கவனம் ஆகியவற்றுக்கான பயிற்சி, கூடவே ஒருவர் நின்று உதவும் வேலைவாய்ப்பு. எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். சில வருடங்கள் கழித்துச் சின்னதாக ஒரு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கிண்டல் பேச்சு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வராதவர்களும் உண்டு.

தம்பியை நேரில் பார்க்காமல் எது நோய், எது மருந்து, எது அவர் என்று என்னால் பிரிக்க முடியாது. நீங்கள் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். நோய்க்கு முன்பே இருந்தவை எவை, நோய் தொடங்கிய காலத்தில் வந்தவை எவை, மருந்து தொடங்கிய பிறகோ மாற்றிய பிறகோ வந்தவை எவை. சரியான தேதி வேண்டாம், 'தீபாவளிக்கு அப்புறம்', 'பரீட்சைக்கு முன்னாடி' என்றால்கூடப் போதும். அவருக்கு இஷ்டம் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். சாவைப் பற்றிப் பேசினால், நம்பிக்கையே போய்விட்ட மாதிரி பேசினால் மட்டும் காகிதம் எல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 20ல் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். அப்படி எதுவும் இல்லையென்றால் அடுத்த தடவை போகும்போது அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, எந்த நேரத்தில் போடுகிறார் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.